முன் சில்லு ஆடுது: நட்டை இறுக்குவதா, பிரித்துக் கழுவுவதா, புதுப் பெயாரிங்கா, கழட்டின ஹப்பா?

மாரி முடிந்து தை, மாசி வந்தால் பழைய ஃபோர் வீல் வான் வைத்திருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். முன் சில்லு ஆடுது. ஒரு கராஜில் நட்டை இறுக்கினால் போதும் என்கிறார்கள். அடுத்த கராஜில் பெயாரிங் செற்றையே மாற்றச் சொல்கிறார்கள். தெரிந்த ஒருவர் கொழும்புப் பஞ்சிகாவத்தையில், பழைய வாகனத்தில் கழட்டின ஹப் (சில்லைப் பூட்டுகிற நடுத் துண்டு) எடுத்துத் தரலாம் என்கிறார். இதில் யாருடைய பேச்சைக் கேட்பது?

மூவரும் பொய் சொல்லவில்லை. மூன்று வேறு பழுதுகளுக்கான மூன்று வேலைகளைச் சொல்கிறார்கள். எந்தப் பழுது என்று பார்க்காமல் வேலையைத் தெரிவு செய்வதால்தான் காசு கரைகிறது.

இங்கே பேசுவது 1986 இல் வந்த மூன்றாம் தலைமுறை டெலிகா, 1994 இல் வந்த ஸ்பேஸ் கியர், அவற்றின் உறவுக்காரனான பழைய பஜேரோ போன்றவற்றைப் பற்றி. இவற்றில் ஒவ்வொரு முன் ஹப்புக்குள்ளும் இரண்டு கூம்புருளைப் பெயாரிங், அதாவது கூம்பு உருளைகள் வளையத்துக்குள் உருளுகிற தாங்கி, எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். அவற்றை எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்பதை ஒரு பெரிய நட் தீர்மானிக்கும். ஒற்றைக் கட்டாக அழுத்திச் செருகுகிற பெயாரிங் போட்ட வானென்றால் கீழே வருகிற முதல் இரண்டு வழிகளும் உங்களுக்கு இல்லை. ஆட்டம் வந்தால் பெயாரிங்கை மாற்றத்தான் வேண்டும்.

இலங்கையில் 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் முப்பது வயது வான்களும் ஓய்வில்லாமல் ஓடின. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்துக் கிறவல் றோட்டு, குளக்கட்டு, அறுவடை நேரத்து வயல் வரம்பு, முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றுகிற ஈரமணல் எல்லாம் அந்த முன் ஹப்பின் கணக்கில்தான் ஏறியிருக்கின்றன.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, கழற்றிப் பார்த்தபோது உள்ளே கண்ட நிலை. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, முழுச் செலவு. பெயாரிங் விலை மட்டும் செலவில்லை. கூலி, வான் கட்டையில் நிற்கிற நாட்களில் போன ஹயர், சாமான் எடுக்க வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போய்வருகிற காசு, பிழையாகப் போட்டால் இரண்டாந்தரம் பிரிக்கிற கூலி, எல்லாம் சேரும். நெடுங்கேணியிலோ மல்லாவியிலோ இருக்கிறவருக்கு இந்தக் கடைசி இரண்டும் பெயாரிங் விலையையே தாண்டிவிடலாம்.

மூன்றாவது, வான் எங்கே ஓடுகிறது. ஏ9 இல் மட்டும் ஆள் ஏற்றுகிற வானுக்கும், மாரியில் வாய்க்கால் கடக்கிற வானுக்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது. நான்காவது, வேலை செய்யப்போகிறவரிடம் அந்த நட்டுக்கான சாவி இருக்கிறதா என்பது. இது சின்ன விசயமாகத் தெரியும். ஆனால் பாதி வேலை கெடுவது இதனால்தான்.

ஆடுவது பெயாரிங்தானா?

சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிச் சில்லைப் பிடித்து ஆட்ட வேண்டாம். ஃபோர் வீல் கியரில் இருந்தால் டூ வீலுக்கு மாற்றுங்கள். ஃப்ரீ ஹப் (டிரைவ் சாஃப்ற்றைச் சில்லோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற பூட்டு) இருந்தால் அதையும் விடுவியுங்கள், இல்லாவிட்டால் டிரைவ் சாஃப்ற்றின் சத்தமும் சேர்ந்து காதைக் குழப்பும்.

மணிக்கூட்டில் 12 உம் 6 உம் இருக்கிற இடங்களில் ரயரைப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். டொக் டொக்கென்று ஆடினால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். மிதித்தபோது ஆட்டம் நின்றால் குற்றம் பெயாரிங்கில், ஏனென்றால் பிறேக் பாட் டிஸ்கைப் பிடித்து ஹப்பை அசையாமல் பூட்டிவிடும். மிதித்த பிறகும் ஆடினால் போல் ஜொயின்ற்றைப் பாருங்கள். 9 உம் 3 உம் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ரை றொட் முனை அல்லது ஸ்டியரிங் பக்கம். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் பெயாரிங் மாற்றி, ஆட்டம் அப்படியே இருக்கிற வான்கள் ஊரில் நிறைய.

அடுத்தது சுழற்றிப் பார்ப்பது. ஒரு கையால் சில்லைச் சுழற்றிக்கொண்டு மறு கையை நக்கிளின் (ஹப்பைத் தாங்கித் திருப்புகிற இரும்புத் துண்டு) மேல் வையுங்கள். நல்ல பெயாரிங் கைக்கு ஒன்றும் சொல்லாது. குழி விழுந்தது மணல் அரைபடுவதுபோலக் கையில் தெரியும்.

ஓடும்போது வருகிற இரைச்சலை நம்புவதென்றால் ஒரு விசயம் பாருங்கள். றோட்டு மாற இரைச்சலும் மாறினால் அது பெரும்பாலும் ரயர். நேரே போகும்போது இரைந்து, வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடப்பக்கப் பெயாரிங்கைச் சந்தேகியுங்கள், பாரம் அங்கேதான் சாய்கிறது. முழுதாக வளைத்துத் திரும்பும்போது மட்டும் டக் டக் என்றால் அது டிரைவ் சாஃப்ற்று ஜொயின்ற், வேறு கதை.

இன்னொரு அடையாளத்தைப் பலர் பிறேக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். குண்டும் குழியுமான றோட்டில் கொஞ்சத் தூரம் ஓடியபிறகு முதல் மிதி ஆழமாகப் போகும், இரண்டாவது மிதி சரியாக நிற்கும். ஹப் ஆட, டிஸ்க் பாட்டுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். மாஸ்ரர் சிலிண்டர் மாற்றக் கிளம்பமுன் சில்லை ஆட்டிப் பாருங்கள்.

ஓடி நிறுத்தியதும் இரண்டு ஹப் நடுவையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பெயாரிங் அல்லது பிடித்துக்கொண்ட பிறேக். ஹப் கொதிக்கிறது, இரைகிறது, ஆடுகிறது என்று மூன்றும் ஒன்றாக இருந்தால் அந்த வானை வீட்டுக்குக்கூட ஓட்ட வேண்டாம். பெயாரிங் இறுகிப் போனால் அது உட்கார்ந்திருக்கிற தண்டையும் தின்றுவிடும். அப்புறம் செலவு வேறு கணக்கு.

வழி 1: நட்டை மட்டும் இறுக்குவது

"தம்பி, ஒருக்கா நட்டை இறுக்கி விடன், பின்னேரம் ஹயர் இருக்கு."

"இறுக்கிறன் அண்ணை. ஆனா திரும்பி வருவியள்."

அந்தத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெயாரிங் ஏன் லூசாகும்? பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று, நட்டின் பூட்டுத் தகடு அல்லது அதன் சின்ன ஸ்குரூ இல்லாமல் நட் பின்னுக்கு வந்திருக்கும். மற்றது, உருளைகளும் வளையங்களும் தேய்ந்திருக்கும். முதலாவதென்றால் இறுக்கிப் பூட்டினால் வேலை முடிந்தது. இரண்டாவதென்றால் தேய்ந்த உருளையைத் தேய்ந்த வளையத்தின் மேல் இன்னும் அழுத்துகிறீர்கள். ஆட்டம் நிற்கும், சூடு கூடும், தேய்வு வேகமாகும்.

கூலி எல்லாவற்றிலும் குறைவு, சாமான் செலவில்லை, அரை நாளுக்குள் வான் றோட்டில். ஒளிந்திருக்கிற செலவு என்னவென்றால், நட்டை எட்டவே ஃப்ரீ ஹப்பைக் கழற்ற வேண்டும். அதற்கு ஆகிற கூலி முழுதாகப் பிரிக்கிற கூலியில் ஒரு நல்ல பங்கு. அவ்வளவு தூரம் போய்விட்டு உள்ளே பார்க்காமல் மூடுவது எனக்கு விளங்குவதில்லை.

இது சரியான இடங்களும் உண்டு. அண்மையில் புதுப் பெயாரிங் போட்டு, முதல் சில நூறு கிலோமீற்றருக்குள் வளையங்கள் இடத்தில் படிந்து கொஞ்சம் தளர்ந்தால் நட்டைச் சரிபார்ப்பது முறையான வேலை. மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் நடுக்காட்டில் நின்றுவிட்டால் வீடு போய்ச் சேர இறுக்கலாம். அதற்கு மேலே இதில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

வழி 2: பிரித்துக் கழுவி, புதுச் சீல், புதுக் கிறீஸ்

வன்னியில் ஓடுகிற பெரும்பாலான வான்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பெயாரிங்கைக் கொல்வது பாரத்தைவிடத் தண்ணீர். ஓடிச் சூடேறிய ஹப் திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளேயிருக்கிற காற்றுச் சுருங்கி, வயதான சீலின், அதாவது தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையத்தின், உதட்டைத் தாண்டித் தண்ணீரை உள்ளுக்கு இழுக்கும். கிறீஸ் பாலாகக் கலங்கும். உருளையில் துரு பிடிக்கும். களப்புக் கரையில் மீன் ஏற்றுகிற வானென்றால் உப்புத் தண்ணீர், இன்னும் மோசம். 2025 நவம்பரில் டித்வாப் புயல் வெள்ளத்துக்குள் இறங்கி, இன்னும் ஹப் திறக்காத வான் ஏதாவது இருந்தால் ஆட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிரித்தபின் என்ன பார்ப்பது என்பதில்தான் முழு முடிவும் இருக்கிறது. பழைய கிறீசை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். காற்று அடித்து உருளைக் கட்டை, அதாவது உருளைகள் பூட்டிய உள் வளையத்தை, சுழற்றிச் சத்தம் கேட்பது பலருக்கு விளையாட்டு. கிறீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் நல்ல பெயாரிங்கும் கெடும், கட்டு உடைந்து உருளை பறக்கவும் கூடும்.

பிறகு வெயிலுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு உருளையாகத் திருப்பிப் பாருங்கள். ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறம் வயதின் அடையாளம், குற்றமில்லை. ஊசி முனையளவு குழி, செதில் உரிந்த இடம், நீலமோ வைக்கோல் நிறமோ ஏறிய பகுதி, நகத்தால் வருடினால் தடக்குகிற துருப் புள்ளி இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பெயாரிங் முடிந்தது. கப்பின் உள்ளே, அதாவது ஹப்புக்குள் அடித்திருக்கிற வெளி வளையத்தில், உருளைகளின் இடைவெளியிலேயே வரிசையாகக் கோடுகள் விழுந்திருந்தால் அது பள்ளத்தில் பட்ட அடியின் தழும்பு. அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

எல்லாம் சுத்தமென்றால் லித்தியம் வகை, என்எல்ஜிஐ 2 தர (கிறீசின் கெட்டித்தன்மை அளவு) கிறீசை உள்ளங்கையில் எடுத்து, உருளைக் கட்டின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்தால் கிறீஸ் பிதுங்கி வரும்வரை ஏற்றுங்கள். வெளியே பூசிவிட்டு விடுவது கிறீஸ் போட்டதாகாது. ஹப்பின் வயிற்றை முழுதாக அடைக்கவும் வேண்டாம், சூடேறினால் அது சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பழைய கிறீசின் மேல் வேறு வகைக் கிறீசைப் பூசுவதும் கூடாது. சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் தண்ணியாகி ஓடிவிடும்.

இதன் ஒளிந்த செலவு சீலில் இருக்கிறது. பழைய சீலை அப்படியே திருப்பிப் போடச் சொல்லி மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. ஒரு சீலின் விலைக்காக அடுத்த மாரியில் முழுவதையும் திரும்பப் பிரிப்பார்கள். சீல் ஓடுகிற இடத்தில் மோதிரம்போலப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி 3: புதுப் பெயாரிங் செற்

கூலி இரண்டாம் வழியின் கூலிதான், அதோடு பழைய கப்பை அடித்தெடுத்துப் புதியதை இறக்குகிற வேலை மட்டும் சேரும். அதனால்தான் பிரிக்கமுன் இரண்டுக்கும் இடையில் தலையை உடைக்க வேண்டாம் என்கிறேன். பிரித்துப் பார்த்து அந்த இடத்திலேயே முடிவெடுக்கலாம். சிக்கல் ஒன்றுதான்: வான் கட்டையில் நிற்கும்போது சாமான் கையில் இருக்காது. பழைய இலக்கம் வளையத்தின் ஓரத்தில் பொறித்திருக்கும். பிரித்ததும் படம் எடுத்து, வவுனியாவிலோ கொழும்பிலோ இருக்கிற கடைக்கு அனுப்பி, இரவு பஸ்ஸில் போடச் சொல்லலாம். உள்ப் பெயாரிங்கும் வெளிப் பெயாரிங்கும் வேறு வேறு இலக்கம், இரண்டையும் எடுங்கள்.

செலவைக் குறைக்க உருளைக் கட்டை மட்டும் புதிதாகப் போட்டு, கப் பழையதையே விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கப்பை அடித்தெடுக்கிற சள்ளைதான் காரணம். புது உருளை பழைய தடத்தில் சரியாகப் படியாது, பாரம் ஓரத்தில் ஏறி, போட்ட காசு பாதிக் காலம்கூட நிற்காது. கப்பும் கட்டும் சோடியாகத்தான் போக வேண்டும். பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டி எடுக்கலாம். புதியதை இறக்க அதே பழைய கப்பின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்துக் குறைத்து எடுத்தால் அருமையான அச்சு. இரும்பு உளியை நேரே புதுக் கப்பின் மேல் வைத்து அடிக்கிறவரிடம் வானை விட வேண்டாம்.

கோயோ, என்ரிஎன், என்எஸ்கே என்று பெட்டியில் ஜப்பான் பெயர் இருந்தால் போதாது, அந்தப் பெயர்களுக்கும் போலி உண்டு. வளையத்தில் எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால், விலை மற்றக் கடைகளைவிட நம்ப முடியாமல் குறைவாக இருந்தால், விட்டுவிடுங்கள். நல்ல ஜப்பான் செற்றுக்குக் காசு இல்லையென்றால் மலிவான புதியதைவிட, பழுது இல்லாத பழைய ஜப்பான் பெயாரிங்கைக் கழுவிப் போட்டு ஓடுவது மேல் என்பது என் கருத்து.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றவா? ஒரு பக்கம் தண்ணீரால் போயிருந்தால் மற்றப் பக்கமும் அதே தண்ணீருக்குள்தான் நின்றது. ஆகக் குறைந்தது திறந்து பாருங்கள்.

வழி 4: கழட்டின ஹப் அல்லது நக்கிள்

கப் ஹப்புக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். தட்டாமல் தானாகக் கழன்று விழுந்தால், அல்லது ஹப்பின் உட்சுவர் கண்ணாடிபோல மினுங்கினால், கப் உள்ளே சுழன்றிருக்கிறது. அந்த ஹப்பில் எத்தனை புதுப் பெயாரிங் போட்டாலும் ஆட்டம் திரும்ப வரும். சுவரில் பொட்டுக் குத்தியோ வெல்டிங் வைத்தோ இறுக்குவது விற்கப்போகிற வானுக்குச் செய்கிற வேலை. அதேபோல உள் வளையம் இருக்கிற தண்டில் நீலம் பாய்ந்து வரி விழுந்திருந்தால் நக்கிளையே மாற்ற வேண்டும்.

இந்த இரண்டு நிலையில்தான் கழட்டின சாமான் பேச்சுக்கு வரலாம். அப்போதும் அதோடு வருகிற பெயாரிங்கை அப்படியே நம்பிப் பூட்ட வேண்டாம். வாங்குகிற ஹப்பின் கப் இருக்கை, வீல் போல்ற் மரை, டிஸ்க் பூட்டுகிற முகம் மூன்றையும் பார்த்து எடுங்கள். டெலிகாவுக்கும் பஜேரோவுக்கும் நிறையச் சாமான் பொருந்தும், ஆனால் ஆண்டுக்கும் மொடலுக்கும் மாறுகிறவையும் உண்டு. பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிடாமல் தொலைபேசியில் பேரம் முடித்தால் பஸ் காசு இரண்டு தரம். கழட்டின ஹப்புக்கும் உள்ளே புதுச் செற் போட வேண்டி வரும் என்பதால், மலிவு வழியென்று இதைத் தேடிப் போகிறவருக்குக் கடைசியில் எல்லாவற்றிலும் கூடிய செலவு இதுதான்.

| | நட் இறுக்கல் | கழுவல், சீல் | புதுச் செற் | கழட்டின ஹப் |
|---|---|---|---|---|
| கூலி | குறைவு | நடுத்தரம் | நடுத்தரத்துக்குச் சற்று மேல் | கூட |
| சாமான் | இல்லை | சீல், கிறீஸ் | பெயாரிங், சீல், கிறீஸ் | ஹப், பெரும்பாலும் புதுப் பெயாரிங்கும் |
| வான் நிற்கிற நேரம் | அரை நாள் | ஒரு நாள் | சாமான் வரும்வரை | தேடிக் கிடைக்கும்வரை |
| ஒளிந்த செலவு | திரும்பப் பிரிப்பது | பழைய சீலை விட்டால் அடுத்த மாரி | போலிச் சாமான், பழைய கப் | பொருந்தாமை, உள்ளே இருக்கிற பெயாரிங் |
| எப்போது | புதிதாகப் போட்டது படிந்தால், வழியில் நின்றால் | உருளை சுத்தமாக இருந்தால் | ஒரு குழியோ நீலமோ கண்டால் | கப் இருக்கை அல்லது தண்டு போனால் |

எந்த வழியென்றாலும், நட்டை வைக்கிற முறை

டெலிகா, பஜேரோ வகையில் நட்டின் முகத்தில் துளை இருக்கும், முள் வைத்த சாவியால்தான் திருப்ப வேண்டும். ஹைலக்ஸ் வகையில் 54 மில்லிமீற்றர் சொக்கற். இரண்டும் இல்லாத இடத்தில் உளியும் சுத்தியலும்தான் வேலை செய்யும். நட்டின் ஓரம் நொறுங்கியிருந்தால் முன்பு யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு தடித்த குழாயில் நான்கு முள் வைத்து வெல்ட் பண்ணித் தரச் சொன்னால் லேத் பட்டறையில் ஒரு பின்னேர வேலை, ஆயுளுக்கும் நிற்கும்.

டெலிகா, பஜேரோவுக்கான முறை இது. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டைப் பலமாக இறுக்குங்கள், வளையங்கள் இருக்கையில் படியட்டும். முழுதாகத் தளர்த்துங்கள். திரும்ப 25 நியூட்டன் மீற்றருக்கு மட்டும் இறுக்கி, ஏறக்குறைய 30 பாகை பின்னுக்கு விடுங்கள். உள்ளும் வெளியுமான ஆட்டம் 0.05 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. பிறேக் கலிப்பர் பூட்டமுன், மீன்காரர் வைத்திருக்கிற கொழுக்கித் தராசை வீல் போல்ற் ஒன்றில் மாட்டிப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். ஹப் அசையத் தொடங்கும்போது தராசு 0.4 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடையில் காட்டினால் இறுக்கம் சரி. கையால் ஆட்டிப் பார்த்துக் குத்துமதிப்பாக விடுவதைவிட இந்தத் தராசு ஆயிரம் மடங்கு நம்பிக்கை.

பூட்டுத் தகட்டின் துளை நட்டின் துளையோடு நேர்ப்படாவிட்டால் தகட்டைப் புரட்டிப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் நட்டைக் கொஞ்சம் தளர்த்தலாம், இறுக்கி நேர்ப்படுத்தக் கூடாது. ஃப்ரீ ஹப்பை மூடமுன் டிரைவ் சாஃப்ற்று முனையின் வளையப் பூட்டும் அதற்கடியில் இருக்கிற சிம்மும் இருந்தபடியே போயிருக்கின்றனவா என்று பாருங்கள். மேசையில் ஒரு சின்ன வளையம் மிஞ்சினால் அது இதுதான். மூடியின் கடுதாசி காஸ்கற் கிழிந்திருந்தால் சீலன்ற் பூசாமல் மூட வேண்டாம், தண்ணீர் அந்த வழியாலும் வரும்.

ஒரு பத்துக் கிலோமீற்றர் ஓடி வந்து இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்த பக்கம் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் நட் இறுக்கம் கூட, அன்றைக்கே திறந்து தளர்த்த வேண்டும். சூடு சமமென்றால் ஐந்நூறு கிலோமீற்றரில் ஒருதரம் தூக்கி, 12 உம் 6 உம் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.